காலைக் கடிக்கும் ஷூவும் கடைக்காரர் கணக்கும்

ஷூ வாங்கப் போன யாருக்கும் இது புதிதல்ல. ஏழரை சைஸ் கேட்கிறீர்கள். உள்ளே போன விற்பனையாளர் இரண்டு பெட்டிகளோடு வருகிறார். ஒன்று ஏழு, இன்னொன்று எட்டு. “ஏழு போட்டுப் பாருங்க, தோல்தானே, நாலு நாள் போட்டா விட்டுக்கொடுத்துடும்” என்கிறார். இறுக்குகிறது என்று முகம் சுளித்தால், “அப்ப எட்டே எடுத்துக்குங்க, உள்ளே ஒரு இன்சோல் போட்டா சரியாயிடும்” என்கிறார். இரண்டு யோசனையும் உங்கள் காலைப் பார்த்து வந்தவை போலத் தோன்றும். உண்மையில் அவை உள்ளே இருக்கும் அலமாரியைப் பார்த்து வந்தவை.

பொருந்தாத காலணியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வாங்குகிறவர் மேல்தான் பழியைப் போடுவார்கள். அழகுக்கு ஆசைப்பட்டார், அளந்து பார்க்கவில்லை, அவசரப்பட்டார் என்று. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கால் அளவையும் காலணி அளவையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு மறுஆய்வு வெளிவந்தது. நீளத்திலோ அகலத்திலோ காலுக்குப் பொருந்தாத காலணியை அணிந்திருந்தவர்கள் 63 முதல் 72 சதவீதம் வரை இருந்தார்கள் என்றது அது. மூன்றில் இரண்டு பேர் அசட்டையானவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கடை எதை வாங்கி அடுக்குகிறது, எதை வாங்காமல் விடுகிறது என்பதில் இதற்கான காரணம் நிறைய ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தால் கடைக்குள் நுழையும்போதே நம் பார்வை மாறும்.

ஒரு மாடலுக்கு எத்தனை ஜோடி?

ஆண்களுக்கான ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். ஆறிலிருந்து பதினொன்று வரை, அரை சைஸும் சேர்த்தால் 11 அளவுகள். குறுகல், நடுத்தரம், அகலம் என மூன்று அகலங்களிலும் வைக்க வேண்டுமென்றால் 33. கறுப்பு, பழுப்பு என இரண்டு நிறம் என்றால் 66. இது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜோடி வைத்தால். நடுவில் இருக்கும் சைஸ்கள்தான் அதிகம் போகும் என்பதால் அவற்றில் மூன்று, நான்கு ஜோடி வேண்டும். ஆக ஒரு மாடலுக்கே நூறு ஜோடியைத் தாண்டிவிடும். வாசல் கண்ணாடியில் நாற்பது மாடலாவது தெரிந்தால்தான் ஆட்கள் உள்ளே வருவார்கள் என்றால், நாலாயிரம் ஜோடி. சின்னக் கடை ஒன்று அவ்வளவு முதலை அட்டைப்பெட்டிக்குள் முடக்கிவிட்டு வாடகை கொடுக்க முடியாது.

ஆகவே எதையாவது வெட்ட வேண்டும். மாடல்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் கடை வெறிச்சென்று தெரியும். அதில் கை வைக்கப் பயம். எனவே முதலில் பலியாவது அகலம். மூன்று அகலங்கள் ஒன்றாகிவிடும். அடுத்தது அரை சைஸ். அதற்கும் அடுத்தது இரண்டு ஓரங்கள், அதாவது மிகச் சிறியதும் மிகப் பெரியதும். இப்படி வெட்டி வெட்டி, நடுத்தர அகலமுள்ள நடுத்தர சைஸ் காலுக்கு மட்டும் நாற்பது மாடல் காத்திருக்கும். மற்றவர்களுக்கு ‘கிட்டத்தட்ட’ என்ற அளவில் ஏதோ கிடைக்கும்.

சரி, கடைக்காரர் தன் வாடிக்கையாளர்களின் காலுக்கேற்பப் பார்த்து வாங்கக்கூடாதா? பல இடங்களில் அதற்கும் வழியில்லை. சப்ளையர் 12 அல்லது 18 ஜோடிகள் கொண்ட கட்டாகத்தான் அனுப்புவார். எந்த சைஸில் எத்தனை என்பது அங்கேயே முடிவாகியிருக்கும். கடையைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பெரிய பாதம் என்றாலும் கட்டில் வரும் சின்ன சைஸ்களை ஏற்றுக்கொண்டாக வேண்டும். போதாததற்கு, பருவத்துக்குரிய சரக்கை ஆறு மாதம் முன்னாடியே ஆர்டர் கொடுக்க வேண்டும். யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று அப்போதே கணித்துப் பணத்தைக் கட்டுவது கிட்டத்தட்ட ஒரு சூதாட்டம்தான்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. கடையின் கணினியில் விற்றது மட்டும்தான் பதிவாகும். அகலக் காலோடு வந்து, இரண்டு ஜோடி போட்டுப் பார்த்து, சரிவராமல் வெளியே போனவர் எந்தக் கணக்கிலும் இல்லை. வருடக் கடைசியில் அறிக்கையைப் பார்த்தால் “அகல ஷூவுக்குக் கேட்பு இல்லை” என்றுதான் தெரியும். வைத்திருந்தால்தானே விற்கும்! அடுத்த வருடமும் அதே தப்பு இன்னும் உறுதியாக நடக்கும். கெட்டிக்காரக் கடைக்காரர்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். கேட்டும் கொடுக்க முடியாமல் போனது எது என்று அதில் குறித்துக்கொள்வார்கள். என் கணக்கில் கடையின் மிக மதிப்புள்ள ஆவணம் அந்த நோட்டுதான்.

பருவம் முடியும்போது என்ன நடக்கும்? நடு சைஸ்கள் போய்விடும். ஓரங்கள் மட்டும் நிற்கும். ‘உடைந்த சைஸ்’ என்று அலமாரியில் சிதறிக் கிடக்கும் இந்த ஜோடிகள்தான் தள்ளுபடி மேஜைக்கு வரும். உங்கள் கால் ரொம்பச் சின்னதோ ரொம்பப் பெரியதோ என்றால் தள்ளுபடிக் காலம் உங்களுக்கு யோகம்தான். நடு சைஸ்காரர்களுக்கு அங்கே நல்லது கிடைப்பது அபூர்வம். கிடைப்பது அரை சைஸ் கூடவோ குறையவோ இருக்கும். பாதி விலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கால் தானாகவே கொஞ்சம் சுருங்கிக்கொள்கிறது. சில கடைகளில் தேங்கிய சரக்கைத் தள்ளிவிட்டால் விற்பனையாளருக்குத் தனிக் கமிஷன் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி மேல் இருக்கும் எண்

பெட்டியில் எட்டு என்று போட்டிருப்பது உங்கள் காலின் அளவு அல்ல. ஷூவை எந்த அச்சின் மேல் இழுத்துத் தைத்தார்களோ, அந்த அச்சின் நீளம். தொழிலில் லாஸ்ட் என்பார்கள். ஒரு காலத்தில் மரத்தில் செதுக்கினார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் இடைவெளி ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். பெரியவர்களின் கணக்கு தொடங்குவது 25 மணி நீளத்தில். எட்டாம் நம்பர் என்றால் 33 மணி, சுமார் 279 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் ஒரு படி என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, 6.67 மில்லிமீட்டர். அங்கே 42 என்றால் 280 மில்லிமீட்டர்.

எட்டும் நாற்பத்திரண்டும் இப்படி ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டதால் எல்லாமே அழகாகப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் ஏழரை 275 மில்லிமீட்டர். ஐரோப்பிய 41 அதைவிடக் கொஞ்சம் குறைவு, 41.5 கொஞ்சம் அதிகம். இரண்டு அளவுகோலின் படிகளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும்போது மாற்று அட்டவணை எதுவும் முழு உண்மையைச் சொல்லாது. பெட்டியில் மூன்று நாட்டு எண்களை அச்சடித்திருப்பார்கள். அவற்றில் ஒன்றோ இரண்டோ எப்போதும் தோராயம்தான்.

இதில் அச்சின் வடிவமும் சேர்ந்துகொள்கிறது. கூர்மூக்கு ஷூவில் விரலுக்கு முன்னால் காலி இடம் அதிகம் வேண்டும், வட்டமூக்கில் குறைவு. எந்த அளவு காலி இடம் விடுவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவு. ஆகவே ஒரு பிராண்டில் எட்டு போடுகிறவர் இன்னொன்றில் ஏழரை போடுவதில் அதிசயம் ஏதுமில்லை. காலின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரிலேயே குறிக்கும் மோண்டோபாயிண்ட் என்ற முறை இருக்கிறது; சர்வதேசத் தரமாகவே ஏற்கப்பட்டது. ராணுவ பூட்ஸிலும் பனிச்சறுக்கு பூட்ஸிலும் அதைப் பார்க்கலாம். காலையே நேரடியாக அளக்கும் முறை இருந்தும் கடைகள் பழைய எண்களை விடவில்லை. பழக்கம் அவ்வளவு கெட்டி.

அளக்கும் கருவிகள் வந்த கதை

ஒவ்வொரு காலுக்கும் தைத்துக் கொடுத்த காலத்தில் சைஸ் என்ற பிரச்சினையே பெரிதாக இல்லை. அதற்காகப் பழைய காலணிகள் எல்லாம் அற்புதம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இடது வலது வித்தியாசமே இல்லாத நேர் அச்சில் தைத்த ஷூக்கள் சாதாரணம். எந்தக் காலில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். எந்தக் காலுக்கும் சரியாக இருக்காது.

சுரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரத்தில் வேலை பார்த்த யான் மாட்ஸெலிகர், 1883-இல் ஷூவின் மேல்பாகத்தை அச்சின் மேல் இழுத்து சோலோடு இணைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் செய்யும் தேர்ந்த தொழிலாளி நாளொன்றுக்கு 50 ஜோடி முடிப்பார். இயந்திரம் 700 வரை போனது. விலை சரிந்தது, ஷூ எல்லோருக்கும் எட்டியது. அதோடு தைப்பவரும் போடுபவரும் ஒருவரையொருவர் பார்ப்பது நின்றுபோனது. நடுவில் கடை வந்தது. ஏற்கெனவே தைத்து முடிந்த பெட்டிகளுக்குள் இந்தக் காலுக்கானது எது என்று கண்டுபிடிப்பது கடைக்காரரின் வேலையானது.

அந்த வேலைக்குக் கிடைத்த நல்ல ஆயுதம் ஒரு ஷூக்கடையிலிருந்தே வந்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் ஷூக்கடை நடத்தியவரின் மகன் சார்லஸ் பிரானக், 1920-களில் ஒரு உலோக அளவுகோலைச் செய்தார். இன்றும் பல கடைகளில் நாற்காலிக்கு அடியில் கிடக்கும் அந்தத் தட்டுதான். அது மூன்று அளவுகளை எடுக்கும். குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை, பிறகு அகலம். நடுவில் சொன்னதுதான் விஷயமே. ஷூ மடங்க வேண்டிய இடம் பெருவிரல் மூட்டு. இரண்டு பேருக்கு ஒரே நீளப் பாதம் இருக்கலாம். ஒருவருக்கு விரல் நீளம், இன்னொருவருக்குப் பாதவளைவு நீளம். இருவருக்கும் மூட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். விரல் நுனி வரை ஒரு சைஸும் மூட்டு வரை இன்னொரு சைஸும் காட்டினால், இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும் என்பது அந்தக் கருவியின் விதி. அளக்கும் கடைகளிலும் பலர் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தட்டை உள்ளே தள்ளிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதே காலத்தில் இன்னொரு கருவியும் கடைகளுக்கு வந்தது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான மரப்பெட்டி. கீழே காலை நுழைக்கும் ஓட்டை, மேலே எட்டிப் பார்க்க மூன்று துவாரங்கள், குழந்தைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, விற்பனையாளருக்கு ஒன்று. உள்ளே எக்ஸ்ரே. புது ஷூவுக்குள் தங்கள் விரல் எலும்புகள் அசைவதைப் பச்சை வெளிச்சத்தில் பார்க்கக் குழந்தைகள் போட்டி போட்டார்கள். எலும்புதான் தெரியுமே தவிர ஷூவில் நசுங்கும் தசை அதில் சரியாகத் தெரியாது. கதிர்வீச்சின் ஆபத்து புரிந்த பிறகு, 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடைபோட்டது, மற்றவையும் தொடர்ந்தன. அந்தப் பெட்டி அளந்ததைவிட விற்றது அதிகம் என்றுதான் சொல்வேன். இப்போதைய முப்பரிமாண ஸ்கேனர்கள் அப்படி ஆபத்தானவை அல்ல, அளவும் நுட்பமாகவே தருகின்றன. ஆனால் திரையில் உங்கள் கால் எவ்வளவு அழகாகச் சுழன்றாலும், அந்த அகலத்தில் ஒரு ஜோடி உள்ளே இல்லையென்றால் கடைசியில் கைக்கு வருவது அதே ஏழும் எட்டும்தான்.

போட்டுப் பார்ப்பது எப்படி

மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்த சாக்ஸோடு போடப் போகிறோமோ அதையே மாட்டிக்கொண்டு போக வேண்டும். இரண்டு காலையும் நின்றபடி அளக்க வேண்டும். உடல் எடை இறங்கும்போது பாதம் நீளும், அகலும். பெரும்பாலானோருக்கு ஒரு கால் இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்கு எடுத்துவிட்டு, சின்னக் காலுக்கு இன்சோல் வைத்துச் சமாளிக்கலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. வயது ஏற ஏற, கர்ப்ப காலத்திலும், பாதவளைவு தளர்ந்து கால் நீளக்கூடும். பத்து வருடத்துக்கு முந்தைய எண்ணை ஒப்பிப்பதில் பயனில்லை.

நீளத்துக்கு, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். மிக நீளமான விரல் என்றால் எல்லோருக்கும் பெருவிரல் என்று நினைத்துவிடக் கூடாது. பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்ற முடிந்தால், தரையில் வைத்து அதன் மேல் ஏறி நின்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே வழிகிறதா? அப்படியானால் ஷூவுக்குள் அந்தச் சதை எங்கே போகும் என்று யோசித்தால் போதும். கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்த ஜோடி வேண்டாம்.

அகலத்தில்தான் ஏமாற்றம் அதிகம். நீளத்தில் ஒரு சைஸ் கூடும்போது அச்சின் சுற்றளவும் 5, 6 மில்லிமீட்டர் கூடுகிறது. அகலத்தில் ஒரு படி ஏறினாலும் ஏறக்குறைய அதே அளவுதான் கூடும். அதனால்தான் அகலக் கால்காரருக்கு ஒரு சைஸ் பெரிதைக் கொடுத்ததும், “ஆ, இப்ப சரி” என்கிறார். முன்பாதத்தில் பிடிப்பு விட்டுவிட்டது அல்லவா? ஆனால் ஷூ மடங்கும் இடம் அவருடைய மூட்டைத் தாண்டி முன்னால் போய்விட்டது. குதிகால் உள்ளே ஏறி இறங்குகிறது. நழுவாமல் இருக்க விரல்கள் தரையைப் பற்றுவது போல மடங்குகின்றன. கடையில் பத்தடி நடக்கும்போது இது எதுவும் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் குதிகாலில் கொப்புளமாகத் தெரியும். நெடுநாளில் கால் ஆணியும் விரல் வளைவுமாகத் தெரியும்.

கயிறு கட்டும் ஷூ என்றால் கயிறே நிறையச் சொல்லிவிடும். கட்டிய பிறகு இரண்டு பக்கத் துளை வரிசைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளியோடு நிற்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றால் ஷூவின் உள்ளளவு காலுக்கு அதிகம். மேலும் இறுக்க இடமே இல்லை. மேலே அகன்று கீழே ஒடுங்கி நின்றால் புறங்கால் உயரமானவர், அந்த அச்சு அவருக்கானதில்லை. குதிகால் மட்டும் லேசாக ஏறி இறங்குகிறது, மற்றதெல்லாம் சரி என்றால், ஓட்ட ஷூக்களில் மேலே தனியாக இருக்கும் கடைசித் துளையைப் பயன்படுத்தலாம். கயிற்றை அதே பக்கத்தில் வளையமாகக் கோர்த்து, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் விட்டு இழுத்தால் கணுக்கால் பிடிபடும். ஒரு சைஸ் குறைப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

“போட்டுப் போட்டுப் பழகிவிடும்” என்ற வாக்கியத்துக்குப் பாதி மதிப்புதான். மெல்லிய தோல் அகலவாக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நீளவாக்கில் தோலும் விட்டுக்கொடுக்காது. முன்னாலும் பின்னாலும் கெட்டியான அட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்துத் தைத்திருக்கிறார்கள். செயற்கைப் பொருளில் செய்தது பெரும்பாலும் எங்கேயும் விட்டுக்கொடுக்காது. விரல் இடிக்கும் ஷூ என்றைக்கும் இடிக்கும்.

குழந்தைகள் விஷயம் தனி. ஷூவின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, “விரல் எங்கடா இருக்கு?” என்று கேட்டால், குழந்தை உடனே விரலை உள்ளே மடக்கிக்கொள்ளும். அழுத்துகிறவர் விரல் காலி இடத்தில் இறங்கும். “நல்ல இடம் இருக்கு” என்று எல்லோரும் திருப்தியாவார்கள். அனுபவமுள்ள விற்பனையாளர் குழந்தையை நிற்க வைத்து, வேறு எதையோ பார்க்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே கெண்டைத்தசையை லேசாகத் தடவிவிட்டு, விரல் தளர்ந்த பிறகுதான் அழுத்துவார். இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் பாத எலும்புகள் பலவும் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். நெருக்கினால் வளைந்துகொடுக்கும், வலி தெரியாது. குழந்தை அழவில்லை என்பதால் ஷூ சரியாக இருக்கிறது என்று ஆகாது. வளர்கிற கால் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவதும் உதவாது, தடுக்கி விழுவதுதான் மிஞ்சும். மூன்று வயதுக்குள் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை, வேறு காரணத்துக்காக. நரம்பு பாதித்துக் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சரியான ஷூ தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் போட்டிருப்பதே தெரியும். அவர் கேட்டு வாங்குவதே ஒரு சைஸ் சின்னதாக இருக்கும். கொப்புளம் வந்தாலும் தெரியாது, அது புண்ணாகி ஆறாமல் போன பிறகுதான் கண்ணில் படும். இங்கே “உங்களுக்கு எப்படி இருக்கு?” என்ற கேள்வியை நம்பக்கூடாது. அளவை மட்டும்தான் நம்ப வேண்டும்.

பெட்டிக்குள்ளேயே வயதாகும் சோல்

பழைய சரக்கில் இன்னொரு பொறி உண்டு. எடை குறைவான, மெத்தென்ற பல சோல்கள் பாலியூரித்தேன் நுரையில் செய்தவை. காற்றில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல அந்தப் பொருளின் பிணைப்புகளை உடைக்கும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கும். சில வருடங்கள் பெட்டியிலேயே கிடந்த ஷூவை எடுத்துப் பாருங்கள். மேல்பாகம் பளபளவென்று புதிதாக இருக்கும். சோலை நகத்தால் அழுத்தினால் பதிந்த இடம் மேலே வராது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது ஓரத்தில் தூளாக உதிரும். அப்படிப்பட்ட ஜோடி பாதி வழியிலேயே வாயைப் பிளக்கும். தள்ளுபடி மேஜையில் எதை எடுத்தாலும் முதலில் சோலின் பக்கவாட்டை அழுத்திப் பார்ப்பது வீண் வேலை இல்லை. வாசலில் வெயில் படும் இடத்தில் ஒற்றைக் காலாக நின்ற ஷூவையும் பெட்டியிலிருந்து வந்த அதன் ஜோடியையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும்; ஒன்று வெளுத்திருக்கும்.

சின்னக் கடைக்கு வழி என்ன?

இணையத்தில் எல்லா சைஸும் கிடைக்கிறது என்பது உண்மைதான். கிடங்கு ஒன்று, வாங்குபவர்கள் நாடு முழுக்க என்பதால் ஓர சைஸையும் அகலத்தையும் அவர்களால் தாங்க முடிகிறது. அளக்க மட்டும் ஆள் இல்லை. அதனால் ஒரே மாடலில் இரண்டு சைஸ் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் பக்கத்துக் கடையில் அரை மணி நேரம் அளந்து, ஆறு ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து போனில் ஆர்டர் போடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்கான சம்பளத்தைக் கடைக்காரர்தான் கொடுக்கிறார். அவர் கடையை மூடிவிட்டால் அடுத்த முறை எங்கே போய் அளப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தாக்குப்பிடிக்கும் சின்னக் கடைகள் செய்வது பொதுவாக ஒரே காரியம்தான்: நாற்பது மாடலைப் பன்னிரண்டாகக் குறைத்து, அந்தப் பன்னிரண்டிலும் அரை சைஸும் அகலமும் முழுமையாக வைப்பது. கண்ணாடிக்குள் பார்த்தால் கடை கொஞ்சம் ஏழ்மையாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே வந்தவர் வெறுங்கையோடு போவது குறையும், ஒருமுறை கால் சரியாக அமைந்தவர் அதே அச்சில் அடுத்த ஜோடிக்கும் வருவார். பருவத்துக்குப் பருவம் மாறாத மாடல்களாகத் தேர்ந்தெடுத்தால் மிச்சமிருக்கும் சைஸ் தள்ளுபடிக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த வருடமும் அதே விலைக்கு விற்கலாம், சோல் தாங்கும் பொருளாக இருந்தால். இல்லாத சைஸை ஒற்றை ஜோடியாக வரவழைத்துத் தரும் சப்ளையரோடு மட்டுமே தொடர்பு வைப்பது அதற்கு அடுத்த படி. அதில் லாபம் சொற்பம்தான். ஆனால் ஏழரைக்கு ஏழைத் தள்ளிவிட வேண்டிய அவசியம் அங்கே இல்லாமல் போகிறது.

வாங்குகிறவர் பக்கம் இருந்தும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சைஸ் இல்லை என்றால் “பரவாயில்லை, இதையே கொடுங்க” என்று எடுத்துக்கொள்ளாமல், வேண்டிய நீளத்தையும் அகலத்தையும் தெளிவாகச் சொல்லி, வந்தால் கூப்பிடச் சொல்லிவிட்டு வரலாம். கல்லாப்பெட்டி பக்கத்தில் நோட்டு வைத்திருக்கும் கடை என்றால் கையோடு எழுதிக்கொள்வார்கள்.